பதினான்கு முறை படித்தவரும் மூன்று முறை படித்தவரும்

சூரியனைப் பற்றி ஒரு சிறு பாடம், கடல்நீர்நாயைப் பற்றி இன்னொன்று. ஒவ்வொன்றும் முந்நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும். இரண்டையும் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இந்தப் பாடங்களை வைத்து நடத்திய சோதனை 2006இல் வெளியானது. கல்லூரி மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழு பாடத்தை ஐந்தைந்து நிமிடமாக நான்கு வேளை படித்தது. இரண்டாம் குழு மூன்று வேளை படித்துவிட்டு, நான்காம் வேளையில் பாடத்தைப் பார்க்காமல் நினைவில் நின்றதை எழுதியது. மூன்றாம் குழு படித்தது ஒரே ஒரு வேளை. மற்ற மூன்று வேளையும் வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்தது. எழுதியதில் எது சரி, எது தவறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் குழுவினர் சராசரியாகப் பதினான்கு முறைக்குச் சற்று மேலாகவே அந்தப் பாடத்தை வாசித்து முடித்திருந்தார்கள். மூன்றாம் குழுவின் சராசரி 3.4 முறை. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, பதினான்கு முறை படித்தவர்கள் பாடத்தின் கருத்துகளில் 83 விழுக்காட்டைச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடு. இதுவரை ஆச்சரியம் எதுவும் இல்லை. ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் நிலைமை தலைகீழாக இருந்தது. பதினான்கு முறை படித்த குழு 40 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. மூன்று முறை படித்த குழு 61இல் நின்றது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது வேறொரு தகவல். சோதனைக்கு முன்பே மாணவர்களிடம், ஒரு வாரம் கழித்து இந்தப் பாடம் எவ்வளவு நினைவிருக்கும் என்று கேட்டிருந்தார்கள். நிறைய நினைவிருக்கும் என்று நம்பிக்கையோடு சொன்னது திரும்பத் திரும்பப் படித்த குழு. எழுதிப் பார்த்தவர்களுக்குத் தங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. யார் அதிகம் மறக்கப்போகிறார்களோ அவர்களுக்கே அதிக நம்பிக்கை இருந்தது. கற்றுக்கொண்டோம் என்ற உணர்வும் கற்றலும் இப்படி எதிரெதிர்த் திசையில் போக முடியும் என்பது, தேர்வுக்குப் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இது அப்பட்டமாக வெளிப்படும் இடங்களில் ஒன்று, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏபி எனப்படும் தேர்வுகளுக்கான தயாரிப்பு. பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி முதலாம் ஆண்டுக்கு நிகரான பாடத்தைப் படித்து, மே மாதத்தில் நாடு முழுவதும் நடக்கும் பொதுத்தேர்வை எழுதும் ஏற்பாடு இது. 1950களில் தொடங்கியது, காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துகிறது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினாலே பல கல்லூரிகள் அந்தப் பாடத்துக்குரிய கிரெடிட்டை, அதாவது அதைப் படித்து முடித்ததற்கான மதிப்பை, கொடுத்துவிடும். சில 4 அல்லது 5 கேட்கும். தேர்வுக் கட்டணம் நூறு டாலரை ஒட்டி. அதே பாடத்தைக் கல்லூரியில் சேர்ந்து படித்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. அதனால்தான் குடும்பங்கள் இந்தத் தேர்வை அவ்வளவு கவனமாகப் பார்க்கின்றன.

உயிரியலை எடுத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம். முதல் ஒன்றரை மணி நேரத்தில் 60 கொள்குறி வினாக்கள், அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் எழுதி விடையளிக்க வேண்டிய ஆறு வினாக்கள். அவற்றில் இரண்டு நெடியவை, நான்கு குறியவை. இரண்டு பகுதிக்கும் சரிபாதி மதிப்பு. செல்லின் வேதியியலில் தொடங்கி மரபியல், பரிணாமம், சூழலியல் வரை எட்டு அலகுகள். பாடநூல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். இவ்வளவு பெரிய புத்தகத்தின் முன் உட்காரும் பதினேழு வயதுப் பிள்ளை முதலில் செய்வது என்ன? மஞ்சள் நிற மார்க்கரை எடுத்துக் கோடிடுவதும், கோடிட்டதை மறுபடி படிப்பதும்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலேயே 177 மாணவர்களிடம் எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்ட ஆய்வு 2009இல் வந்தது. குறிப்பையோ பாடநூலையோ திரும்பப் படிப்போம் என்றவர்கள் 84 விழுக்காடு. புத்தகத்தை மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்ப்போம் என்றவர்கள் 11 விழுக்காடு. கடும் போட்டியில் வென்று அங்கே இடம் பிடித்தவர்களின் கணக்கு இது.

திரும்பப் படிப்பது ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு ஏபி உயிரியலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: ஹார்டி–வைன்பர்க் சமன்பாடு. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டிதான். ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பர்க்கும் இவரும் 1908இல் தனித்தனியே இதைக் கண்டார்கள். ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்களில் ஓங்கு வடிவத்தின் விகிதம் p, ஒடுங்கு வடிவத்தின் விகிதம் q என்றால், p² + 2pq + q² = 1. மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினாறு பேரிடம் ஒடுங்கு பண்பு வெளிப்படுகிறது. ஒடுங்கு வடிவத்தை மறைவாகச் சுமப்பவர்கள் எத்தனை பேர் என்பது கேள்வி. தீர்வு புத்தகத்திலேயே இருக்கும்: q² = 0.16, ஆகவே q = 0.4, p = 0.6, 2pq = 0.48. நூற்றுக்கு 48 பேர். வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து இயல்பாக வந்து விழுகிறது. இரண்டாம் முறை வாசித்தால் அடுத்த வரி வருமுன்பே தெரிந்துவிடுகிறது. இது புரிந்துவிட்டது என்று மனம் முடிவுகட்டிவிடும்.

புத்தகத்தை மூடிவிட்டு இதே கணக்கை வேறு எண்களோடு கொடுத்தால் பேனா முதல் வரியிலேயே நிற்கும். கொடுத்த எண் q-வா, q²-ஆ? பண்பு வெளிப்பட்டவர்களின் விகிதமா, மரபணு வடிவத்தின் விகிதமா? கணக்கின் கஷ்டமெல்லாம் அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. வாசிக்கும்போது அந்த முடிவைப் புத்தகம் எடுத்துவிட்டதால், வாசித்தவர் அப்படியொரு முடிவு தேவைப்பட்டதையே கவனிக்கவில்லை. இந்தச் சமன்பாடு தேர்வில் தரப்படும் சூத்திரப் பட்டியலிலேயே இருக்கும். அதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. தேவைப்படுவது, எந்த எண் எங்கே போகும் என்பதைத் தானாக முடிவுசெய்யும் பழக்கம். அதைக் கோடிட்டுப் பெற முடியாது.

மாதிரித் தேர்வை நாம் பொதுவாக உடல்வெப்பமானியைப் போல நினைக்கிறோம். காய்ச்சல் எவ்வளவு என்று அது காட்டும். காய்ச்சலைக் கூட்டாது, குறைக்காது. நம் பள்ளிகளில் திருப்புதல் தேர்வு முடிந்ததும் கேட்கப்படுவது "எவ்வளவு மார்க்?" என்ற ஒரே கேள்விதான். நினைவு விஷயத்தில் இந்த எண்ணம் தவறு. ஒன்றை நினைவிலிருந்து எடுக்கும் செயலே அந்த நினைவை மாற்றிவிடுகிறது. ரோடிகர், கார்ப்பிக்கி சோதனையில் மூன்றாம் குழுவுக்கு மார்க் யாரும் போடவில்லை, விடையும் காட்டவில்லை. எடுக்க முயன்றது மட்டுமே அவர்களுக்கு வித்தியாசம் செய்தது.

ஏன் இப்படி? கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த ராபர்ட் பியோர்க், எலிசபெத் பியோர்க் தம்பதி 1992இல் முன்வைத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு நினைவுக்கும் இரண்டு தனித்தனிப் பலங்கள் உண்டு என்றார்கள் அவர்கள். ஒன்று, அது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது. மற்றொன்று, இந்த நொடியில் எவ்வளவு சுலபமாக எடுக்க வருகிறது என்பது. சற்றுமுன் படித்த பாடம் சுலபமாக வரும். பதிவு ஆழமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. சின்ன வயதில் குடியிருந்த வீட்டின் கதவு எண் ஆழப் பதிந்திருக்கும், கேட்டவுடன் வராது. இந்தக் கோட்பாட்டின் அழகான பகுதி இனிமேல்தான். எடுப்பதற்குக் கடினமாகிவிட்ட நிலையில் ஒரு நினைவை முயன்று எடுத்தால் அதன் பதிவு மிக அதிகமாக வலுப்பெறும். சுலபமாக வரும்போது எடுத்தால் வலு ஏறுவது குறைவு. அதாவது, கொஞ்சம் மறக்க விட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மாணவருக்கு எரிச்சலூட்டும் அந்தத் தடுமாற்றம், நாக்கு நுனியில் நின்று வராத அந்தச் சொல், அந்த வேளையில்தான் கற்றல் நடந்துகொண்டிருக்கிறது. "விரும்பத்தக்க கடினங்கள்" என்று ராபர்ட் பியோர்க் இதற்குப் பெயர் வைத்தார்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஒரு பகுதியை இருபது முறை வாசிப்பதைவிட, பத்து முறை வாசித்து இடையிடையே சொல்லிப் பார்த்து, மறந்த இடத்தில் மட்டும் நூலைப் பார்ப்பது மேல் என்று பிரான்சிஸ் பேக்கன் 1620லேயே எழுதியிருக்கிறார். 1939இல் ஹெர்பர்ட் ஸ்பிட்சர், அயோவா மாநிலத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேருக்கு நிலக்கடலையைப் பற்றியும் மூங்கிலைப் பற்றியும் கட்டுரைகளைக் கொடுத்துச் சோதித்தார். படித்த சூட்டோடு ஒரு தேர்வு எழுதியவர்களிடம் பாடம் வாரக்கணக்கில் தங்கியது. முதல் தேர்வே தாமதமாக வந்தவர்களிடம் அதற்குள் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. இவ்வளவு பெரிய சோதனையின் முடிவு பல பத்தாண்டுகளாக வகுப்பறைக்குள் வராமலே கிடந்தது எனக்கு வருத்தம் தருகிறது. தேர்வு என்றாலே தரம் பிரிப்பது, பயமுறுத்துவது என்று ஆகிவிட்டதால் அதன் இந்தக் குணம் கண்ணில் படாமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

சரி, மாதிரி வினாத்தாளை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. அதை எப்படிக் கையாள்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது.

கொள்குறி வினாவில் ஓர் ஆபத்து உண்டு. நான்கு விடைகளில் மூன்று தவறானவை. அவற்றையும் மாணவர் வாசிக்கிறார். தவறான ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சரியானது எது என்று பார்க்காமல் போனால், அந்தத் தவறே நினைவில் தங்கிவிடக்கூடும். ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005இல் இதைக் காட்டினார்கள். விடையைச் சரிபார்த்தால் இந்தத் தீங்கு பெருமளவு நீங்குகிறது என்பதையும் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே, விடைத்தாளோடு ஒப்பிடாத மாதிரித் தேர்வு அரைவேலை. சரிபார்ப்பதிலும் இரண்டு வகை உண்டு. எத்தனை சரி என்று எண்ணிவிட்டு மூடிவைப்பது ஒன்று. மற்றதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

செல் சுவாசத்தில் எலக்ட்ரான்களைக் கடைசியாக ஏற்பது எது என்பது வினா. விடைகள்: கார்பன் டை ஆக்சைடு, என்ஏடிஎச், நீர், ஆக்சிஜன். சரியானது ஆக்சிஜன்; இது பலருக்குத் தெரியும், பத்து நொடியில் அடுத்த வினாவுக்குப் போய்விடலாம். போகாமல் மற்ற மூன்றும் ஏன் தவறு என்று கேட்டுப் பாருங்கள். என்ஏடிஎச் எலக்ட்ரானைக் கொடுக்கும் பக்கம் நிற்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள எலக்ட்ரான் கடத்தும் தொடருக்கு எலக்ட்ரான்களைக் கொண்டுவந்து சேர்ப்பதே அதுதான். நீர், ஆக்சிஜன் எலக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் ஏற்ற பிறகு உண்டாகும் விளைபொருள். கார்பன் டை ஆக்சைடு அதற்கு முன்பே, பைருவேட்டும் கிரெப்ஸ் சுழற்சியும் கடக்கும்போதே வெளியேறிவிட்டது. இனி வினாவையே மாற்றிக் கேளுங்கள்: எந்த நிகழ்வைப் பற்றிக் கேட்டிருந்தால் "நீர்" என்ற விடை எலக்ட்ரானைக் கொடுப்பதாக அமையும்? ஒளிச்சேர்க்கை. அங்கே கடைசியில் ஏற்பது எது? என்ஏடிபி+. ஒரே வினா செல் சுவாசம் முழுவதையும் இழுத்து வந்து, ஒளிச்சேர்க்கையின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டது. பொருத்தமான தவறு விடைகள் கொண்ட கொள்குறி வினா, கேட்கப்பட்ட செய்தியோடு கேட்கப்படாத செய்திகளையும் நினைவில் வலுப்படுத்துகிறது என்று ஜெரி லிட்டிலும் பியோர்க் தம்பதியும் 2012இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதைத்தான். அறுபது வினாக்களை அவசரமாக முடிப்பதைவிட இருபது வினாக்களை இப்படிப் பிரித்துப் பார்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

தவறு செய்வதைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு இன்னும் வியப்பானது. பகலில் தாவரம் ஒளிச்சேர்க்கை செய்கிறது, சுவாசிப்பது இரவில் மட்டும்தான் என்று நிறையப் பேர் உறுதியாக நம்புகிறார்கள். உண்மையில் அது இரவும் பகலும் சுவாசிக்கிறது. இப்படி ஆணித்தரமாக நம்பிய ஒன்று தவறு என்று தெரியவந்தால், அந்த நம்பிக்கையை மாற்றுவது கடினமாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? பிராடி பட்டர்ஃபீல்டும் ஜேனட் மெட்காஃபும் 2001இல் பொது அறிவு வினாக்களைக் கொண்டு சோதித்தபோது இதற்கு நேர்மாறாக நடந்தது. சரியான விடையைச் சொன்னதும், அரைமனதோடு செய்த தவறுகளைவிட உறுதியோடு செய்த தவறுகளே நன்றாகத் திருந்தின. எதிர்பாராமல் தவறாகிப்போகும்போது கவனம் முழுவதும் சரியான விடையின் மேல் குவிகிறது என்பது ஒரு விளக்கம். ஆகவே மாதிரித் தேர்வில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் உறுதியா, ஊகமா என்று ஒரு குறி போட்டு வைப்பது பயனுள்ள வழக்கம். உறுதி என்று போட்டும் தவறாகிப்போன இடங்கள்தான் அந்தத் தாளில் அதிக மதிப்புள்ளவை. ஊகம் என்று போட்டுச் சரியானவற்றையும் விடக்கூடாது. 2011இலிருந்து ஏபியில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை; தேர்வு நாளில் ஊகிப்பது புத்திசாலித்தனம். மாதிரித் தேர்வில் ஊகம் பலித்ததைத் தெரிந்ததாக எண்ணிக்கொண்டால் அதன் விளைவு தேர்வு நாளில் தெரியும்.

எழுதி விடையளிக்கும் பகுதிக்குக் காலேஜ் போர்டே ஒரு பெரிய உதவி செய்து வைத்திருக்கிறது. முந்தைய ஆண்டுகளின் வினாக்களையும் மதிப்பெண் வழங்கும் நெறிமுறையையும் அது இலவசமாக வெளியிடுகிறது. கூடவே, மாணவர்கள் உண்மையில் எழுதிய சில விடைகளும், அவற்றுக்கு ஏன் அத்தனை மதிப்பெண் என்ற விளக்கமும் கிடைக்கும். இவற்றை வாசித்தால் ஒன்று தெளிவாகும். "குறிப்பிடுக", "விவரிக்க", "விளக்குக", "நியாயப்படுத்துக" என்பவை வெவ்வேறு கட்டளைகள். விளக்குக என்றால் காரணம் வேண்டும். என்ன நடக்கிறது என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை. மாத்திரை ஒன்று நொதியின் செயலைக் குறைக்கிறது என்பது விவரிப்பு. அது நொதியின் செயல்மையத்தில் போய் உட்கார்ந்து, வினைப்பொருள் பொருந்த முடியாமல் செய்கிறது என்பது விளக்கம். முதலில் தானே எழுத வேண்டும். பிறகு நெறிமுறையைப் பார்த்து, அறிமுகமில்லாத ஒருவரின் தாளைத் திருத்துவதுபோல் கறாராகத் திருத்த வேண்டும். "நான் நினைத்தது இதுதான்" என்று தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வது வழக்கமான பலவீனம். ஜூன் மாதத்தில் இந்தத் தாள்களைத் திருத்தக் கூடும் ஆசிரியர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் மாணவர் நினைத்தது தெரியாது. எழுதியது மட்டுமே தெரியும்.

மாதிரித் தேர்வில் வந்த வினா அப்படியே தேர்வில் வராதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2010இல் ஆண்ட்ரூ பட்லர் வௌவால்களைப் பற்றிய பாடத்தை வைத்து இதைச் சோதித்தார். வௌவாலின் சிறகு பறவையின் சிறகைவிட வளைந்து கொடுக்கக்கூடியது, வடிவம் மாற்றக்கூடியது என்பது பாடத்தில் வரும் செய்தி. ஒரு வாரம் கழித்துக் கேட்ட வினா விமானத்தைப் பற்றியது: வௌவாலின் சிறகைப் பார்த்து ராணுவம் ஒரு விமானம் வடிவமைத்தால், வழக்கமான போர்விமானத்திலிருந்து அது எப்படி வேறுபடும்? இடையில் தேர்வெழுதிப் பயின்றவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட இப்படிப்பட்ட புது வினாக்களுக்கும் நன்றாக விடையளித்தார்கள். ஒரே வினாத்தாளை மறுபடி மறுபடி எழுதி, "மூன்றாம் வினாவுக்கு விடை இ" என்று மனப்பாடமாகிவிட்டால் மட்டும் இந்தப் பயன் கிடைக்காது. அங்கே நினைவில் நிற்பது வினாத்தாள்; உயிரியல் அல்ல.

இதற்கு எல்லை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த கருத்துகள் நிறைந்த பாடங்களில் இந்த விளைவு குறைகிறது என்று ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் டமாரா வான் ஹோக்கும் 2015இல் வாதிட்டார்கள். கார்ப்பிக்கி அதை மறுத்து எழுதினார். விவாதம் முடிந்துவிடவில்லை. ஸ்வெல்லர் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் ஒன்றில் உண்மை இருக்கிறது: ஒரு வகைக் கணக்கை முதன்முதலாகக் கற்பவருக்கு, தானே முட்டி மோதுவதைவிடத் தீர்த்துக் காட்டிய கணக்குகளை நிதானமாகப் பார்ப்பது உதவும். ஹார்டி–வைன்பர்க்கைக் கேள்விப்பட்டே இராத பிள்ளையிடம் வினாத்தாளை நீட்டுவது கொடுமை. இரண்டு மூன்று தீர்வுகளைப் பார்த்த பிறகு புத்தகத்தை மூட வேண்டும். தொடர்ந்து தீர்வுகளையே பார்த்துக்கொண்டிருப்பதில்தான் பிசகு.

கால இடைவெளி அடுத்தது. நிக்கலஸ் செபெடாவும் சகாக்களும் 1,354 பேரைக் கொண்டு 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்க வேண்டுமோ அதைப் பொறுத்தே நல்ல இடைவெளி அமைகிறது. ஒரு வாரத்தில் தேவைப்படுமென்றால் ஓரிரு நாள் விட்டுத் திரும்பிப் பார்க்கலாம். ஒரு வருடம் நிற்க வேண்டுமென்றால் மூன்று வாரமோ ஒரு மாதமோ விட வேண்டும். ஏபிக்குப் படிப்பவர் செப்டம்பரில் கற்ற செல் வேதியியலை ஏப்ரல் கடைசியில்தான் மறுபடி திறப்பார் என்றால், மறப்பதற்கு ஏழு மாதம் கொடுத்துவிட்டார். மாதம் ஒருமுறை பழைய அலகுகளிலிருந்து பத்துப் பத்து வினாக்களைக் கலந்து எழுதினால் ஏப்ரலில் பயம் இருக்காது. முழுநீளத் தாள்களில் ஒன்றையாவது கடைசி வாரங்களுக்கென்று தொடாமல் வைத்திருந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுத வேண்டும்.

அந்த மூன்று மணி நேரப் பயம் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஏமி ஸ்மித், அயன்னா தாமஸ் குழு 2016இல் 120 பேரை வைத்துச் சோதித்தது. சொற்களையும் படங்களையும் சிலர் திரும்பப் படித்துக் கற்றார்கள். சிலர் நினைவுகூர்ந்து கற்றார்கள். மறுநாள் அவர்களில் பாதிப் பேரைத் திடீரென்று ஆட்கள் முன் நிறுத்திப் பேசவும் கணக்குப் போடவும் சொல்லிப் பதற வைத்தார்கள். படித்துக் கற்றவர்களின் நினைவு பதற்றத்தில் சரிந்தது. நினைவுகூர்ந்து கற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. "படிச்சதெல்லாம் ஹால்ல போனதும் மறந்துடுச்சு" என்று அழுதுகொண்டு வரும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வின் அருமை புரியும். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை, சோம்பேறியும் இல்லை. படித்த முறைதான் பதற்றத்தைத் தாங்கவில்லை.

பள்ளியைத் தாண்டிவிட்டவர்களுக்கு அமெரிக்காவில் கிளெப் என்றொரு தேர்வு இருக்கிறது. அதையும் காலேஜ் போர்டுதான் நடத்துகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் முடிக்க நினைப்பவர்களும் ராணுவத்தில் இருப்பவர்களும் எழுதுவார்கள். உயிரியலில் 90 நிமிடத்துக்கு 115 கொள்குறி வினாக்கள்; ஒரு வினாவுக்கு 47 நொடிகூட முழுதாக இல்லை. ஏபியின் ஒன்றரை நிமிடத்தோடு ஒப்பிட்டால் இது வேறு வகை ஓட்டம். 20 முதல் 80 வரையிலான அளவில் 50 எடுத்தால் பெரும்பாலும் கிரெடிட் கிடைக்கும். இங்கே கடிகாரம் வைத்து எழுதும் பயிற்சியை இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். நினைவுகூரும் முறை மட்டும் இரண்டுக்கும் ஒன்றே.

கிரெடிட் கிடைத்துவிட்டால் அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படிக்கத் தேவையில்லை என்பதுதான் இந்தத் தேர்வுகளின் பயன். அதன் மறுபக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை. முதலாம் ஆண்டு உயிரியலைத் தாண்டிவிட்ட மாணவர் நேராக மரபியல் வகுப்பிலோ செல் உயிரியல் வகுப்பிலோ போய் உட்காருவார். அங்கே பேராசிரியர், இவருக்கு அடிப்படை தெரியும் என்று நம்பித் தொடங்குவார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் 83 விழுக்காடு சொன்னவர்களின் நினைவு ஒரு வாரத்தில் எங்கே நின்றது என்று பார்த்தோம். இங்கே இடைவெளி மே முதல் செப்டம்பர் வரை.

மே மாதத் தேர்வு முடிந்த சில நாட்களிலேயே அந்த ஆண்டின் எழுத்து வினாக்களைக் காலேஜ் போர்டு வெளியிட்டுவிடுகிறது. தேர்வு அறையில் கழிந்த மூன்று மணி நேரம் அந்த மாணவர் அந்த ஆண்டில் செய்த மிகக் கடுமையான நினைவுகூர்தல். அதில் விடுபட்டது விடை சரிபார்ப்பது மட்டும்தான். எந்த இடத்தில் உறுதியோடு எழுதினோம், எங்கே தடுமாறினோம் என்பது மறக்குமுன் அந்த ஆறு வினாக்களையும் பாடநூலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். பிறகு ஜூன் கடைசியில் ஒருநாள், ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒருநாள், எழுதாமல் மீதமிருக்கும் பழைய வினாத்தாள்களில் மரபியல் பகுதியை மட்டும் எடுத்து, குறிப்புகளைத் திறக்காமல் எழுதிப் பார்க்கலாம். அதற்கு மார்க் போட யாரும் வரமாட்டார்கள்.